பின்வளவு அறைகளுக்கு சப் டி.பி.: திருகோணமலை வீட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் பின்வளவில் இரண்டறை எழுப்பி வாடகைக்கு விடுகிற வீடுகள் ஏராளம். கட்டிட வேலை முடிந்து பூச்சும் காய்ந்த பிறகுதான் பலருக்குக் கரண்ட் நினைவுக்கு வரும். முன்வீட்டு டி.பி.யை, அதாவது பிரேக்கர்கள் இருக்கும் மின் பகிர்வுப் பெட்டியை, திறந்து பார்த்தால் இன்னொரு பிரேக்கர் வைக்க இடமிருக்காது. "குசினிப் பிளக்கில இருந்து ஒரு வயர் இழுத்து விடுவம் அண்ணை, என்னத்துக்கு வீண் செலவு?" என்று யாராவது சொல்வார்கள். அந்த யோசனையை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். குசினிப் பிளக்குக்குப் போட்ட வயர் இரண்டு ஏசியைச் சுமக்கப் போட்ட வயர் அல்ல.

சரியான வழி, பின்கட்டிடத்துக்கென்று தனியாக ஒரு சிறிய டி.பி. வைப்பது. அதைத்தான் சப் டி.பி. என்கிறோம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சப் டி.பி. வைத்தால் கரண்ட் கூடிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிணறு ஒன்றாக இருக்கும்போது வாளியைக் கூட்டினால் தண்ணீர் கூடாது. மின்சார சபை உங்களுக்குத் தருவது 30 ஆம்பியர் என்றால் முன்வீடும் பின்வீடும் அதைத்தான் பங்குபோட வேண்டும். ஆகவே வேலை தொடங்குவது கடையில் அல்ல, தாளும் பேனாவுமாகக் கணக்குப் போடுவதில்.

யார் என்ன செய்வது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்ப்பது, இடம் தெரிவது, சாமான் வாங்குவது, கிடங்கு வெட்டுவது, குழாய் போடுவது எல்லாம் வீட்டுக்காரர் செய்யலாம், அல்லது நின்று செய்விக்கலாம். டி.பி.க்குள் வயர் முடுக்குவதும் பரிசோதிப்பதும் என்.வி.கியூ. தகைமையுள்ள எலக்ட்ரீசியனின் வேலை. மீற்றர் சீலில் யாரும் கை வைக்கக்கூடாது, அது மின்சார சபைக்குரியது. கீழே வருவதெல்லாம் எலக்ட்ரீசியனோடு சமமாக நின்று பேசவும், அவர் செய்வது சரிதானா என்று பார்க்கவும் உங்களுக்கு உதவும்.

கணக்கு

நமது ஊரில் சாதாரண வீட்டு இணைப்பு ஒற்றைப் பேஸ், 230 வோல்ட், 30 ஆம்பியர். பெருக்கினால் 6,900 வாட். இந்த எண்ணைத் தாளின் மேலே எழுதுங்கள்.

அதன் கீழே மாலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றை எழுதுங்கள். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் கூட்டத் தேவையில்லை, ஒன்றாக ஓடுபவற்றை மட்டும் கூட்டினால் போதும். பின்கட்டிடத்தில் 12,000 பி.டி.யு. ஏசி இரண்டு. ஒன்றுக்கு 1,100 வாட் வைத்தால் 2,200. கேத்தல் 2,000. லைட், ஃபேன், டி.வி. எல்லாம் சேர்ந்து 300. சின்ன ஃபிரிட்ஜ் 100. ஆக மொத்தம் 4,600 வாட், அதாவது 20 ஆம்பியர்.

இனி முன்வீடு. தண்ணி மோட்டர் ஒரு குதிரை வலு என்று எழுதியிருந்தாலும் உள்ளே இழுப்பது 1,100 வாட்டுக்குக் கிட்ட வரும். ரைஸ் குக்கர் 700, ஃபிரிட்ஜ் 150, லைட்டும் ஃபேனும் 400, அயன் 1,000. மொத்தம் 3,350 வாட், ஏறத்தாழ 14.6 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 34.6. தருவது 30.

இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. மோட்டரைக் காலையில் போட்டுத் தாங்கியை நிரப்பி, அயன் வேலையையும் பகலுக்குத் தள்ளினால் முன்வீடு 1,250 வாட்டுக்கு இறங்கும். மொத்தம் 25 ஆம்பியர் சொச்சம். ஒற்றைப் பேஸிலேயே சமாளிக்கலாம். ஆனால் விருந்தாளிக்குச் சுடுதண்ணீர் ஷவர் வேண்டும் என்று நினைத்தால் கதை மாறிவிடும். உடனடியாகச் சூடாக்கும் 3,500 வாட் ஷவர் ஒன்றே 15 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 30 ஆம்பியர் மூன்று பேஸ் என்றால் ஒவ்வொரு பேஸிலும் 30 ஆம்பியர், பின்கட்டிடத்துக்கு ஒரு பேஸை முழுதாகவே ஒதுக்கிவிடலாம். என் எண்ணத்தில் திருகோணமலை வெயிலுக்கு ஷவர் ஹீட்டர் தேவையே இல்லை. கேட்பவர்களுக்குக் கூரையில் சோலார் ஹீட்டர் வைத்துக் கொடுப்பது மலிவு.

விண்ணப்பிக்கப் போகும்போது கட்டண வகையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறைகளுக்கு வீட்டுக் கட்டணம்தான் தொடருமா என்பதை முதலே தெரிந்துகொள்வது நல்லது.

வயர் எத்தனை

பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

பின்கட்டிடத்துக்கு 20 ஆம்பியர் தேவை என்று கண்டோம். ஆகவே முன்வீட்டிலிருந்து போகும் லைனுக்கு 25 ஆம்பியர் பிரேக்கர். 32 போடலாமே என்பார்கள். வீட்டுக்கு வருவதே 30 எனும்போது 32 ஆம்பியர் பிரேக்கர் எதைக் காப்பாற்றப் போகிறது?

கடையில் வயரைக் கம்பி எண்ணிக்கையால் கேட்பதுதான் வழக்கம். 7/0.67 என்றால் 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு, 2.5 சதுர மி.மீ. 7/0.85 என்பது 4 சதுர மி.மீ., 7/1.04 என்பது 6, 7/1.35 என்பது 10.

பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதி அட்டவணைப்படி, சுவரில் குழாய்க்குள் போகும் பி.வி.சி. வயர் 30 பாகை வெப்பத்தில் தாங்குவது இப்படி: 2.5க்கு 24 ஆம்பியர், 4க்கு 32, 6க்கு 41, 10க்கு 57. அந்த 30 பாகையைக் கவனியுங்கள். ஜூன், ஜூலையில் இங்கே நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். 40 பாகை என்றால் 0.87ஆல் பெருக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே வயர் ஓடினால் 50 பாகை என்றே கணக்கெடுங்கள், 0.71ஆல் பெருக்க வேண்டும். அப்போது 32 ஆம்பியர் தாங்கும் 4 சதுர மி.மீ. வயர் 22.7க்கு இறங்கிவிடும். 25 ஆம்பியர் பிரேக்கரின் கீழ் அதைப் போட்டால் பிரேக்கர் விழாமலே வயர் சூடாகிக்கொண்டிருக்கும். 6 சதுர மி.மீ. அதே கூரைக்குள் 29 தாங்கும். அது போதும்.

அடுத்தது வோல்ட் இறக்கம். வயர் நீள நீள வோல்ட் குறையும். ஒரு ஆம்பியர், ஒரு மீற்றருக்கு 4 சதுர மி.மீ. வயரில் 11 மில்லிவோல்ட், 6இல் 7.3, 10இல் 4.4 இழக்கும். லைட்டுகளுக்கு மொத்த இறக்கம் 3 வீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 6.9 வோல்ட். மற்றவற்றுக்கு 5 வீதம், 11.5 வோல்ட். இது முன்வீட்டில் தொடங்கி கடைசி லைட் வரைக்கும் சேர்த்த கணக்கு.

25 மீற்றர் தூரம், 25 ஆம்பியர் என்று வைத்தால் 4 சதுர மி.மீ. வயரில் 6.875 வோல்ட் இறங்கும். சப் டி.பி.க்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே லைட்டின் பங்கு முழுவதும் தீர்ந்துவிட்டது. 6 சதுர மி.மீ. என்றால் 4.6 வோல்ட், மிச்சம் இருக்கிறது. தூரம் 40 மீற்றர் என்றால் 6 சதுர மி.மீ. வயரும் 7.3 வோல்ட் இழந்து எல்லையைத் தாண்டிவிடும். அப்போது 10 சதுர மி.மீ. எடுக்க வேண்டும், இறக்கம் 4.4 வோல்ட். முடிவு இதுதான்: 25 மீற்றர் வரை 7/1.04, 40 மீற்றருக்கு 7/1.35. எர்த் வயரும் அதே பருமன். கடைக்காரர் எர்த்துக்குச் சின்ன வயரை நீட்டினால் வாங்காதீர்கள்.

தூரத்தை அளப்பது நேர்கோட்டில் அல்ல. வயர் சுவரில் ஏறி, கூரையில் ஓடி, இறங்கும் வழியெல்லாம் சேர்த்து அளவுநாடா பிடிக்க வேண்டும். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள உள்ளூர் வயரே நல்லது. ஒரு துண்டை உரித்துக் கம்பியின் நிறத்தையும் எண்ணிக்கையையும் பாருங்கள்.

முன்வீட்டில் எங்கிருந்து எடுப்பது

ஒழுங்கை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். போஸ்டிலிருந்து வரும் லைன் மீற்றருக்கும் சபையின் பிரேக்கர் அல்லது கட்டவுட்டுக்கும் போகிறது. பிறகு மெயின் சுவிட்ச், அதன் பின் ட்ரிப் சுவிட்ச், அதன் பின் சின்ன பிரேக்கர்கள். ட்ரிப் சுவிட்ச் என்று நாம் சொல்வது 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி.

வழக்கமாக நடப்பது என்ன? முன்வீட்டு ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே ஒரு பிரேக்கரிலிருந்து பின்வீட்டுக்கு லைன் இழுப்பார்கள். பின்வீட்டிலும் ஒரு 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வைப்பார்கள். விருந்தாளி ஈரக்கையோடு பழைய அயனைத் தொட்டால் இரண்டில் எது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்வீட்டில் ஃபிரிட்ஜும் நின்றுபோகும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருட்டில் இருக்கும்.

ஆகவே மெயின் சுவிட்சின் வெளிமுனையிலிருந்தே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளை பழைய ட்ரிப் சுவிட்சுக்கு, முன்வீட்டுக்கு. மற்றக் கிளை பக்கத்தில் புதிதாக வைக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு. அதில் 100 மில்லி ஆம்பியர், தாமதித்து விழும் எஸ் வகை ஆர்.சி.சி.பி. ஒன்றும் 25 ஆம்பியர் பிரேக்கரும். அங்கிருந்து லைன் பின்வீட்டுக்குப் போகும். பின்வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். கசிவு வந்தால் 30 முதலில் விழும், எஸ் வகை பொறுத்துக்கொண்டிருக்கும். நடுவிலுள்ள கேபிளில் பிழை வந்தால் மட்டும் எஸ் வகை விழும்.

அந்த எஸ் வகை எதற்கு, பிரேக்கர் போதாதா என்று கேட்கலாம். நமது வீடுகளில் எர்த் என்பது வளவில் நாமே இறக்கும் கம்பிதான். மண் வழியாகப் போகும் பிழைக் கரண்ட் பிரேக்கரை விழுத்தும் அளவுக்கு ஏறாது. கேபிளின் ஆர்மருக்கு, அதாவது மேலே சுற்றிய இரும்புக் கவசத்துக்கு, கரண்ட் பாய்ந்தால் பிரேக்கர் பார்த்துக்கொண்டிருக்கும், ஆர்மரைத் தொடுகிறவர் அடிவாங்குவார்.

நியூட்ரலும் மெயின் சுவிட்சின் வெளிமுனையிலிருந்தே வர வேண்டும். பேஸைச் சரியாக எடுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் முன்வீட்டு நியூட்ரல் பாரில் முடுக்கிவிடுகிற வேலையை அடிக்கடி காணலாம். எல்லாம் முடித்து மெயினைப் போட்டால் ஒன்றும் நடக்காது. பின்வீட்டில் முதல் ஃபேனைப் போட்டதும் முன்வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழும். உடனே "ட்ரிப் சுவிட்ச் பழுது" என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் விழும். திரும்பிவரும் கரண்ட் தன் வழியாக வராததால் அது கசிவு என்று எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கேபிள் போகும் வழி

கடற்கரைப் பக்க மணலில் ஆர்மர்ட் கேபிளை இரண்டடி ஆழத்தில் புதைப்பதே நல்லது. மணல் கிடங்கின் ஓரம் சரிந்துகொண்டே இருக்கும், அதனால் வெட்டிய நாளே கேபிளைப் போட்டு மூடப் பாருங்கள். கேபிளுக்கு மேலே அரையடி மண் போட்டபின் மஞ்சள் எச்சரிக்கை நாடாவை விரித்து, அதற்கு மேல் மிச்ச மண். பிறகு தென்னங்கன்று வைக்கக் கிடங்கு வெட்டுகிறவர் உங்களுக்கு நன்றி சொல்வார். தென்னை நிற்கும் இடத்தைச் சுற்றிப் போவது நல்லது.

உவர்மலைப் பக்கம் கதை வேறு. பாறை தட்டும் இடத்தில் இரண்டடி வெட்டுவது நடக்காது. அங்கே சுவரோரமாகக் கனமான பி.வி.சி. குழாயில் கொண்டுபோகலாம். வெயில் படும் இடத்தில் சாதாரண வெள்ளைக் குழாய் சில வருடத்தில் நொறுங்கும், பெயின்ட் பூசிவிடுங்கள். மாமரத்தில் கட்டி ஆகாயத்தில் வயர் இழுப்பதை எந்த ஊரிலும் செய்ய வேண்டாம். மார்கழிக் காற்றில் கிளை முறிந்தால் முதலில் விழுவது அதுதான்.

பெட்டியும் அதன் இடமும்

இரும்புப் பெட்டி வேண்டாம். உப்புக்காற்றுக்கு அது துருப்பிடித்து, திருகாணி கழற்ற முடியாமல் இறுகிவிடும். பிளாஸ்டிக் பெட்டி, வெளிச்சுவரில் என்றால் ஐ.பி. 65 தரத்தில். கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்து, உள்ளே நடைபாதைச் சுவரில் கண் மட்டத்தில் வைத்தால் இன்னும் நல்லது. குளியலறைச் சுவரும் கூரை ஒழுகும் மூலையும் ஆகாது. முன்னால் நின்று வேலை செய்ய இடம் வேண்டும். அலுமாரிக்குப் பின்னால் டி.பி. வைத்த வீடுகளும் உண்டு!

எத்தனை இடமுள்ள பெட்டி? பெட்டி முழுவதையும் அணைக்கும் இரண்டு முனை ஐசலேட்டருக்கு இரண்டு இடம். அறைக்கொரு ட்ரிப் சுவிட்ச் என்று இரண்டு, அதற்கு நான்கு இடம். ஒவ்வொரு அறைக்கும் லைட், பிளக், ஏசி என மூன்று பிரேக்கர், ஆக ஆறு. வெளி லைட்டுக்கு ஒன்று. மொத்தம் பதின்மூன்று. 18 இடமுள்ள பெட்டியை வாங்குங்கள். அறைக்கொரு ட்ரிப் சுவிட்ச் ஆடம்பரம் போலத் தெரியும். ஆனால் ஓர் அறையில் கோளாறு வந்தால் மற்ற அறைக்காரர் இரவில் கதவைத் தட்டமாட்டார்.

ட்ரிப் சுவிட்சில் ஏ வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பது 'ஏ.சி.' என்ற வகை (குளிரூட்டி ஏசி அல்ல). இன்வேர்டர் ஏசியில் வரும் கசிவை அது சரியாக உணராது. லைட்டுக்கு 6 ஆம்பியர் பிரேக்கரும் 1/1.13 வயரும். பிளக்குக்கு 16 ஆம்பியரும் 7/0.67உம், சதுர முள் 13 ஆம்பியர் சொக்கெட்டுகளோடு. ஏசிக்கும் அதே 16, அதே 7/0.67, ஆனால் பிரேக்கர் தொடக்க இழுப்பைப் பொறுக்கும் சி வகை, தனி லைன். 7/0.67இல் 20 போடலாமே என்றால், கூரைக்குள் அது 17 ஆம்பியர்தான் தாங்கும். கணக்கு மேலே இருக்கிறது.

எர்த்

பின்கட்டிடத்துக்கு எர்த் வயர் முன்வீட்டிலிருந்து கேபிளோடு வர வேண்டும். அதோடு பின்கட்டிடத்தருகே இன்னொரு எர்த் கம்பி இறக்கி இரண்டையும் இணைத்துவிடுங்கள். சப் டி.பி.யில் நியூட்ரல் பாரும் எர்த் பாரும் தனித்தனி. மெயின் பெட்டியில் இரண்டையும் ஒன்றாகக் கட்டும் அமெரிக்க முறை வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே அப்படிச் செய்யாதீர்கள். நமது முறையில் வீட்டுக்குள் எங்கேயும் அவை சேரக்கூடாது.

நாலடிச் செம்புப் பூச்சுக் கம்பியை மணலில் அடிப்பது சுலபம், அடித்து முடிய ஐந்து நிமிடம் போதும். சுலபமாக இறங்குகிற மண்ணில் எர்த் நல்லதாக இருப்பது அரிது. காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. கம்பி ஈரமண்ணைத் தொட வேண்டும், ஆகவே நீளக் கம்பியாக, கிணற்றுப் பக்கமாக இறக்குங்கள். போதாவிட்டால் இரண்டாவது கம்பி, முதற் கம்பியின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி. கரியும் உப்பும் கொட்டுவது பழைய வழக்கம். உப்பு மழையில் கரைந்து போய்விடும், போகிற போக்கில் கம்பியையும் அரிக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டனைட் களிமண் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

அளவு எவ்வளவு இருக்க வேண்டும்? 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் கணக்குப்படி 1,667 ஓம் வரை விழ வேண்டும். ஆனால் 200 ஓமுக்கு மேலுள்ள எர்த் நிலையானது என்று நம்ப முடியாது. அதற்கும் கீழே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தை மாதம் மழை ஊறிய மண்ணில் அளந்தால் எந்த எர்த்தும் நன்றாகத்தான் காட்டும். உண்மை தெரிவது ஓகஸ்ட்டில்.

முடுக்கும் நாள்

முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, டேப் சுற்றி, "வேலை நடக்கிறது" என்று எழுதி ஒட்டுங்கள். மெயினை அணைத்தாலும் அதன் உள்முனைகளில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பதை யாரும் மறக்கக்கூடாது. அந்த முனையில் கை வைக்க வேண்டிய வேலை என்றால் சபை வந்து துண்டித்துத் தர வேண்டும். திருகாணி டெஸ்டரை நம்ப வேண்டாம். இரண்டு முனை டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். டெஸ்டரே செத்துப் போயிருந்தால் அப்போதுதான் தெரியும்.

பெட்டிக்குள் வேலை நுணுக்கமானது. ஏழு கம்பியும் முனைக்குள் போகாவிட்டால் இரண்டை வெட்டிவிட்டு மிச்சத்தைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த இடத்தில் 6 சதுர மி.மீ. வயர் 4க்குக் கிட்டவாகிவிடும். முனைக்கேற்ற பெரூல் (வயர் நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழல்) போட்டு நசுக்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் முனைக்குள் அகப்படவும் கூடாது, செம்பு வெளியே தெரியவும் கூடாது. முடுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒரு ட்ரிப் சுவிட்சின் கீழுள்ள பேஸ்களுக்குரிய நியூட்ரல்கள் அதே ட்ரிப் சுவிட்சின் நியூட்ரல் பாருக்கே போக வேண்டும். இரண்டு ட்ரிப் சுவிட்ச் என்றால் இரண்டு நியூட்ரல் பார்.

கடைசியாகப் பெட்டியின் ஓட்டைகள். வயர் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் வயரை இறுக்கிப் பிடித்து இடைவெளியை மூடும் கிளாண்ட் போட்டு, உபயோகிக்காத துளைகளை மூடிவிடுங்கள். இரவில் பெட்டியின் மெல்லிய சூட்டுக்குப் பல்லி தேடி வரும், முட்டையும் இடும். பேஸ் முனையிலும் நியூட்ரல் முனையிலும் ஒரே நேரத்தில் கால் வைத்தால் அதுவும் போகும், பிரேக்கரும் போகும். எறும்புக்கும் இதே வழிதான்.

இடிமின்னலுக்கு மெயின் டி.பி.யில், திடீரென ஏறும் வோல்டை எர்த்துக்குத் திருப்பும் டைப் 2 சேர்ஜ் புரொடெக்டர் வைப்பது நல்லது. சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் மின்னல் ஏசி போர்டுகளைத் தின்றுவிடும். நமது எர்த் முறைக்கு ஒற்றைப் பேஸில் 1+1 இணைப்பு வகையைக் கேளுங்கள். அதன் வயர்கள் அரை மீற்றருக்கு மேல் நீண்டால் பலன் குறையும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் கரண்ட் இல்லாத காலத்தில் இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை சொக்கெட்டில் செருகும் பழக்கம் பரவியது. அது போஸ்டில் வேலை செய்யும் லைன்மனைக் கொல்லக்கூடியது. பேஸும் நியூட்ரலும் சேர்ந்து மாறும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மட்டுமே வழி. சப் டி.பி. திட்டமிடும்போதே அதற்கு இடம் விட்டுவிடுங்கள்.

பரிசோதனை

"போட்டுப் பார்ப்பம், எரியுது, சரி" என்பது பரிசோதனை ஆகாது. கரண்ட் கொடுக்கும் முன் எர்த் வயர் ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் தொடர்ந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இன்சுலேஷன் அளக்கும் மீற்றரான 500 வோல்ட் மெகரால் இன்சுலேஷன் சோதனை. 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது, புது வேலையில் அதைவிட எவ்வளவோ கூடவே காட்டும். மெகர் வைக்கும்போது ஏசி, டி.வி., எல்.இ.டி. எல்லாம் கழன்றிருக்க வேண்டும். பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்பதும் இப்போதே.

கரண்ட் கொடுத்தபின் ட்ரிப் சுவிட்சை மீற்றர் வைத்துச் சோதிப்பார்கள். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செக்கனுக்குள்ளும், 150 மில்லி ஆம்பியரில் 40 மில்லி செக்கனுக்குள்ளும் விழ வேண்டும். எஸ் வகை 100 மில்லி ஆம்பியரில் 130க்கும் 500க்கும் இடையே. இந்த எண்களை எழுதிக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்சிலுள்ள டெஸ்ட் பட்டன் அதன் உள் இயந்திரத்தை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டனுக்கு அது விழும்.

பெட்டி மூடியின் உட்புறத்தில் எந்தப் பிரேக்கர் எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள், விருந்தாளிகளுக்காக ஆங்கிலத்திலும். மாதத்துக்கொரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். முதல் வருடம் முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கொண்டு எல்லா முனைத் திருகாணிகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தால் உப்பு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம், மூடாத துளையைத் தேடுங்கள்.

என்றாவது ட்ரிப் சுவிட்ச் விழுந்து நிற்கவே மறுத்தால், அதன் கீழுள்ள பிரேக்கர்களை எல்லாம் அணைத்துவிட்டு ட்ரிப் சுவிட்சை ஏற்றுங்கள். நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள், எதில் விழுகிறதோ அந்த லைனில் பிழை. எல்லாப் பிரேக்கரும் அணைந்திருந்தும் விழுந்தால் குழம்ப வேண்டாம். ஒற்றை முனை பிரேக்கர் பேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் எங்கேயோ எர்த்தில் தொட்டுக்கொண்டிருந்தால் பிரேக்கரை அணைத்து அது விடுபடாது. சொக்கெட்டுகளில் இருப்பவற்றை எல்லாம் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றித் தேட வேண்டும். அந்த வேலைக்கு மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மாரி மழைக்குப் பிறகு என்றால் முதலில் வெளி லைட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே தண்ணீர் நிற்கும்.